தைக்கிற கையைக் காட்டும் படங்கள்

'டியோர் அண்ட் ஐ' என்ற ஆவணப்படத்தை நான்கு முறை பார்த்துவிட்டேன். நான்காவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன். எனக்கு பிரெஞ்சு தெரியாது. சப்டைட்டிலைப் படிக்க ஆரம்பித்தால் கண் திரையின் அடியிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு வேண்டியதோ மேலே நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி ஓட்டுகிற கையை எல்லோரும் பார்ப்பார்கள். துணி சுருங்காமல், இழுபடாமல், ஊசிக்கு முன்னால் அளந்து கொடுப்பது இடது கை. அது பழகத்தான் வருடக்கணக்கு ஆகும்.

17 வயதில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவள் நான். பிறகு ஓவர்லாக், பவர் மிஷின், செக்கிங், கடைசியில் சாம்பிள் செக்‌ஷன் என்று 26 வருடம் ஓடியது. இப்போது தையல் சொல்லித்தருகிறேன். ஃபேஷன் உலகத்தைப் பற்றிய ஆவணப்படங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பார்த்தவற்றில் சிலவற்றைப் பற்றி இங்கே சொல்கிறேன். நான் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு நாடாவைத்தான் வைக்கிறேன்: படம் முடியும்போது அந்த உடுப்பைத் தைத்தது யார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'டியோர் அண்ட் ஐ' 2014இல் வந்தது, இயக்கியவர் ஃப்ரெடெரிக் செங். 2012இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ராஃப் சீமோன்ஸ் பாரிஸின் டியோர் ஃபேஷன் நிறுவனத்துக்கு வடிவமைப்பாளராக வருகிறார். கையால் தைக்கும் உயர்தர உடுப்புகளான 'ஓட் கூட்டூர்' அவருக்குப் புதிது. மாதக்கணக்கில் ஆகிற வேலைக்குக் கையில் இருப்பது எட்டே வாரம். இந்த எட்டு வாரம்தான் படம்.

கதை அவருடையது என்றாலும், கேமரா அடிக்கடி தைக்கும் அறைக்குப் போய்விடுகிறது. அங்கே இரண்டு பிரிவு. தொங்கி விழும் கவுன்களுக்கு ஒன்று, கோட்டு சூட்டுக்கு ஒன்று. முதலாவதற்கு ஃப்ளோரான்ஸ் தலைவி, அடுத்ததற்கு மோனிக். இந்த இரண்டு பேரையும் படம் எனக்கு அறிமுகம் செய்துவைத்த விதம் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? மோனிக் பதற்றக்காரர், ஃப்ளோரான்ஸ் சிரித்துக்கொண்டே சமாளிப்பவர். ஒரு தையல் அறையில் இந்த இரண்டு குணமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் வேலை நகரும் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சீமோன்ஸ் தானே உட்கார்ந்து வரைவதில்லை. தன் யோசனைகளைக் கோப்புகளாகக் கொடுக்கிறார், உதவியாளர்கள் வரைகிறார்கள், வரைபடங்கள் இரண்டு அறைகளுக்கும் பங்கு பிரிகின்றன. அதற்குப் பிறகு வெள்ளைக் காடாத் துணியில் மாதிரி தைக்கிறார்கள். தாளில் கோடாக இருந்தது பொம்மையின் மேல் இடுப்பாகவும் தோளாகவும் மாறுகிற அந்தக் கட்டத்தைப் படம் அவசரப்படாமல் காட்டுகிறது. என் மாணவிகளுக்கு இந்தப் பகுதியை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினேன். காடாவில் மாதிரி தைக்கச் சொன்னால், 'எதுக்குக்கா ரெண்டு தடவை வேலை?' என்று கேட்கிறவர்கள் அன்றைக்குக் கேட்கவில்லை.

ஒரு துணி விவகாரமும் வருகிறது. ஸ்டெர்லிங் ரூபி என்ற ஓவியரின் ஓவியங்களைத் துணியில் கொண்டுவர வேண்டும் என்கிறார் சீமோன்ஸ். நெய்த துணிமேல் அச்சடித்தால் அவருக்குப் போதாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலிலேயே முதலில் அச்சடித்து, அப்புறம் குறுக்கே ஊடை ஓட்டி நெய்ய வேண்டும். அப்படி நெய்யும்போது நூல் ஒரு மயிரிழை நகரும், நிறத்தின் ஓரம் கலங்கி நிற்கும், ஈரச் சாயத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். இருக்கிற அவகாசத்தில் இதெல்லாம் நடக்குமா என்று தயங்குகிறார்கள். அவர் விடவில்லை. துணி வந்து இறங்கும்போது எனக்கே மூச்சு வந்தது.

சண்டை ஒன்றும் உண்டு. சீமோன்ஸ் கவுன்களைப் பார்க்கத் தயாராக வருகிற நாளில், ஃப்ளோரான்ஸ் ஒரு வாடிக்கையாளருக்கு அளவு சரிபார்க்க நியூயார்க் போயிருக்கிறார். சீமோன்ஸுக்குக் கோபம். ஆனால் அந்த வாடிக்கையாளர்கள் இல்லாமல் அந்த அறையே இல்லை என்பது நிர்வாகத்தின் பக்கம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் மாட்டுவது எப்போதும் தைப்பவர்தான். முதலாளி ஒன்று சொல்ல, ஆர்டர் கொடுத்த பையர் வேறு ஒன்று சொல்ல, சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாட்கள் எனக்கும் நிறைய. ஃப்ளோரான்ஸ் திரும்பி வந்து அமைதியாகப் பதில் சொல்வதைப் பார்த்தபோது அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஃபேஷன் ஷோ நாளன்று பாரிஸில் ஒரு மாளிகையின் சுவர்களைத் தரையிலிருந்து கூரைவரை பூவால் மூடியிருந்தார்கள். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பூவைப் பார்க்கவில்லை. நடந்து வருகிற ஒவ்வொரு உடுப்பையும் பார்த்து, 'இது அந்த அறையில் தைத்தது' என்று என்னால் சொல்ல முடிந்தது. இப்படிச் சொல்ல வைக்கிற ஃபேஷன் படம் நான் வேறு பார்த்ததில்லை. படத்தின் பெயர் கிறிஸ்தியான் டியோர் எழுதிய தன்வரலாற்றிலிருந்து வந்தது, அதன் வரிகளும் நடுநடுவே ஒலிக்கின்றன. 'டியோரும் நானும்' என்பதில் வரும் அந்த 'நான்' மோனிக்காகவும் இருக்கலாம் என்றுதான் எனக்குப் பட்டது.

'தி செப்டம்பர் இஷ்யூ' வேறு ரகம். ஆர். ஜே. கட்லர் இயக்கி 2009இல் வந்தது. வோக் பத்திரிகையின் 2007 செப்டம்பர் இதழ், 840 பக்கம், அது உருவாகும் கதை. அப்போதைய ஆசிரியர் ஆனா வின்டூர், கூடவே கிரியேட்டிவ் டைரக்டர் கிரேஸ் காடிங்டன். படம் சுறுசுறுப்பாகப் போகும், அலுக்காது. ஆனால் இதில் உடுப்பு எல்லாம் ஏற்கெனவே தைத்து முடிந்து ஹேங்கரில் தொங்குகிறது. எது உள்ளே, எது வெளியே என்பதுதான் கேள்வி. கிரேஸ் பாடுபட்டு எடுத்த படங்களை ஆனா ஒவ்வொன்றாக இதழிலிருந்து தூக்கும்போது, முடித்துக் கொடுத்த பீஸைப் பிரித்துப் போடச் சொன்ன மாதிரி எனக்கு வயிற்றில் கனத்தது. கடைசிப் பகுதியில் கிரேஸ், ஆவணப்பட ஒளிப்பதிவாளரையே மாடலோடு சேர்த்துத் துள்ள வைத்துப் படம் எடுக்கிறார். அந்த ஒளிப்பதிவாளரின் வயிற்றைக் கணினியில் தட்டையாக்கிவிடலாம் என்று ஆனா தரப்பில் பேச்சு வருகிறது. கூடாது என்று கிரேஸ் தொலைபேசியிலேயே தடுத்துவிடுகிறார். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீனைப் பற்றிய 'மெக்வீன்' 2018இல் வந்தது. 16 வயதில் லண்டனின் தையல்காரர் தெருவான சாவில் ரோவில் கோட்டு தைக்கக் கற்றுக்கொண்டவர் அவர். கத்தரிக்கோல் அவர் கையில் இருக்கும் பழைய காட்சிகளை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். படம் போகப்போக அவருடைய துயரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அது உண்மையான துயரம், குறை சொல்ல மாட்டேன். மனம் கனத்திருக்கிற நாளில் பார்க்க வேண்டாம்.

'பில் கன்னிங்ஹாம் நியூயார்க்' படத்தை யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ரிச்சர்ட் பிரெஸ் இயக்கிய படம். தெருவில் போகிற வருகிறவர்களின் உடுப்பைப் பல பத்தாண்டுகளாகப் படம் பிடித்த கிழவர் பில். சைக்கிளில்தான் போவார், அதற்கு முன்னால் 28 சைக்கிள் திருட்டுப் போயிருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர்கள் போடும் நீலக் கோட்டுதான் அவர் சீருடை. மழைக்கோட்டு கிழிந்தால் பிளாஸ்டர் டேப்பால் ஒட்டி மறுபடி மாட்டிக்கொள்வார். பெரிய பெரிய விருந்துகளுக்குப் படமெடுக்கப் போகிறவர், அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வாங்கிவிட்டால் அவர்கள் சொல்கிறபடி ஆட வேண்டிவரும் என்பது அவர் கணக்கு. பில் முதலில் தொப்பி செய்கிறவராக இருந்தார். அதனால்தானோ என்னவோ, அவர் கேமரா முகத்தைவிடக் கோட்டின் வெட்டையும் பாவாடையின் விழுச்சியையும் முதலில் பார்க்கிறது. தைத்தவர் செய்த வேலையைத் தெருவில் நின்று ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். 2016இல், 87 வயதில் காலமானார்.

இனி மறுபக்கத்தை, ஆலையையும் தொழிற்சாலையையும் காட்டும் படங்கள்.

'தி ட்ரூ காஸ்ட்' 2015இல் வந்தது, இயக்கியவர் ஆண்ட்ரூ மோர்கன். மலிவு உடுப்பின் உண்மையான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கிற படம். ரானா பிளாசாதான் இதற்கு மையம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவாரில் இடிந்து விழுந்த கட்டடம். 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த கடைகளும் வங்கியும் மூடிவிட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். இந்த வாக்கியத்தை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது. மாடியில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெட்டிய துணிப் பண்டிலை அவிழ்த்து, பாபின் மாற்றி, முதல் பீஸை மிஷினில் வைத்திருப்பார்கள்.

படத்தில் மனதில் நிற்பவர் ஷிமா அக்தர். டாக்காவில் தைப்பவர், சங்கம் அமைத்ததற்காக அடி வாங்கியவர். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வழியில்லாமல் கிராமத்தில் பெற்றோரிடம் விட்டுவிட்டு நகரத்துக்குத் திரும்புகிறார். எங்கள் ரத்தத்தில் தைத்த உடுப்பை யாரும் போட வேண்டாம் என்று கண்ணீரோடு சொல்கிறார். அவரோடு இன்னும் அரை மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம். படம் அவரை விட்டுவிட்டுப் பருத்தி வயலுக்குப் போகிறது, கான்பூர் தோல் பட்டறைக் கழிவுக்குப் போகிறது, விளம்பரம் பேசுகிறது, பொருளாதாரம் பேசுகிறது. எல்லாமே தேவையான விஷயம்தான். ஆனாலும் ஒரே சட்டையில் பத்து பாக்கெட் வைத்த மாதிரி, எதிலும் கை நுழையவில்லை. பின்னணி இசையும் நான் எப்போது அழ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழிலைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் இந்தப் படத்தில் தொடங்கலாம், தெரிந்தவர்கள் அடுத்த படத்துக்குப் போங்கள்.

'மெஷின்ஸ்' ராகுல் ஜெயின் இயக்கியது, 2016. குஜராத்தில் சூரத் அருகே ஒரு துணி ஆலை. வர்ணனை கிடையாது, இசை கிடையாது, புள்ளிவிவரம் கிடையாது. இயந்திரத்தின் ஓசைதான். ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாத படம். அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் இதன் ஒளிப்பதிவுக்குச் சிறப்பு விருது கிடைத்தது. ஈரத் தரை, சாயத் தொட்டி, உலைக்கு முன்னால் நிற்பவரின் முதுகு. துணி மட்டும் இவர்கள் எல்லோரையும் கடந்து அழகாக வழிந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு கொடுமையான இடத்தை இவ்வளவு அழகாகப் படம் பிடிக்கலாமா என்று முதல் முறை எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டாவது முறை அந்தச் சங்கடம் போய்விட்டது. நாங்களும் அந்த இடத்தில் அழகைப் பார்த்தவர்கள்தான். புதுச் சாயத் துணியை விரிக்கும்போது ஒரு நொடி நின்று பார்க்காத தொழிலாளி யாராவது இருக்கிறாரா?

இதில் ஒரு சிறுவன் வருகிறான். இயந்திரத்தின் முன் நின்றபடியே தூங்கி விழுகிறான். தலை சரிகிறது, திடுக்கிட்டு நிமிர்கிறது, மறுபடி சரிகிறது. கேமரா நகரவில்லை. எத்தனை நேரம் காட்டினார்கள் என்று நான் எண்ணவில்லை, எண்ண முடியவில்லை. என் பக்கத்து மிஷினில் இருந்த ஒரு பெண் இரவு ஷிப்டில் இப்படித்தான் சரிவாள். விரலில் ஊசி இறங்கிவிடுமே என்று நான் காலால் அவள் ஸ்டூலைத் தட்டிக்கொண்டே இருப்பேன். அந்தப் பையனைத் தட்டி எழுப்ப யாரும் இல்லை.

ஆலையை நடத்துபவர் கண்காணிப்பு கேமரா திரைகளுக்கு முன் உட்கார்ந்து, தொழிலாளிக்குப் பணம் கூடினால் வேலையில் அக்கறை குறையும் என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார். ஜெயின் குறுக்கிடாமல் அவரைப் பேச விடுகிறார். பிறகு ஆலைக்கு வெளியே தொழிலாளர்கள் கூட்டமாக நின்று கேமராவையே கேள்வி கேட்கிறார்கள். நீங்களும் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்கிறார்கள். இயக்குநருக்குச் சங்கடமான இந்தக் கேள்வியை அவர் வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்திருக்கிறார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை.

'அன்ராவல்' பதினான்கே நிமிடம். மேக்னா குப்தா 2012இல் எடுத்தது. மேற்கு நாடுகளில் தூக்கிப்போட்ட உடுப்புகள் மூட்டை மூட்டையாக பானிபட்டுக்கு வருகின்றன. பெண்கள் உட்கார்ந்து பட்டனையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, துணியைக் கிழித்து, மறுபடி நூலாக்க அனுப்புகிறார்கள். நன்றாக இருக்கிற உடுப்பை ஏன் எறிகிறார்கள் என்று அவர்களுக்குள் பேச்சு. அங்கே தண்ணீர் விலை அதிகமாக இருக்கும், துவைக்கிற செலவுக்குப் புதிதாக வாங்குவதே மேல் என்று நினைக்கிறார்களோ என்னவோ என்று ஊகிக்கிறார்கள். ரேஷ்மா என்ற பெண் இதையெல்லாம் அத்தனை ஆர்வமாகப் பேசுகிறார். எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடித்தது. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க இதுதான் ஏற்றது. தைத்த தையலைப் பிரிப்பதும் ஒரு வேலை, அதற்கும் ஒரு கைத்திறன் வேண்டும் என்பதை வேறு எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

கடைசியாக 'சைனா ப்ளூ'. மீக்கா பெலெட் இயக்கியது, 2005. இருப்பதில் பழைய படம், காட்சிகளும் மங்கல். ஆனாலும் 'டியோர் அண்ட் ஐ'க்குச் சரிக்குச் சரியாக நான் வைக்கிற படம் இது ஒன்றுதான். சீனாவில் ஒரு ஜீன்ஸ் தொழிற்சாலை. ஜாஸ்மின் என்ற பெண், பதின்வயதுதான், கிராமத்திலிருந்து வந்து சேர்கிறாள். அவளுக்குக் கொடுத்த வேலை பிசிறு வெட்டுவது. அதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஃபேஷன் படங்களில் வடிவமைப்பாளர் வருவார், மாடல் வருவார், அதிகம் போனால் தைப்பவர் வருவார். பிசிறு வெட்டுகிறவள் நாயகியாக வந்து நான் பார்த்தது இந்த ஒரு படத்தில்தான்.

பிசிறு வெட்டுவது என்றால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தைத்து முடித்த உடுப்பில் ஒவ்வொரு தையல் முனையிலும் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். கழுத்து, கை, பாக்கெட், காஜா, பெல்ட் லூப் என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து ஒட்ட வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டுகிறேன் என்று தையலையே வெட்டிவிட்டால் பீஸ் போச்சு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைக்கிற சின்ன ட்ரிம்மரால் நாள் முழுக்க அமுக்கிக்கொண்டே இருந்தால், ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கிற கையிலும் அந்த அமுக்கு இருக்கும். ஜாஸ்மின் வேகம் போதாமல் திணறுவதையும், கூடச் சேர்ந்து வேலை பார்க்கிறவர்களின் முகத்தையும் பார்க்கும்போது என் முதல் மாதம் அப்படியே திரும்பி வந்தது.

விடுதியில் வெந்நீரை வாளியில் மாடிக்குத் தூக்கிப் போகிறார்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சம்பளத்தில் பிடித்தம். ஆர்டர் முடிகிற நாள் நெருங்கினால் வேலை இரவைத் தாண்டி ஓடுகிறது. தூக்கம் வராமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப்பை இமையில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாளி முன்னாள் போலீஸ் அதிகாரி, தன் பெண்களை நன்றாக வைத்திருக்கிறேன் என்றே நம்புகிறார். மறுபக்கம் விலையைக் குறை, இன்னும் குறை என்று வாங்குபவர்கள் அவரை நெருக்குவதும் படத்தில் இருக்கிறது. யாரையும் அரக்கனாகக் காட்டவில்லை. பெண்கள் சிரிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், முடி வாரிக்கொள்கிறார்கள். ஜிப் வைக்கிற ஆர்க்கிட் பாட்டுக்கு ஆடுகிறாள். தொழிற்சாலைப் படம் என்றாலே அழுகை மட்டும் என்று எடுப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். நாங்களும் அப்படித்தான் சிரித்தோம்.

இந்தப் படத்தை மாணவிகளோடு ஒருமுறை முழுசாகப் பார்த்தேன். 'டியோர் அண்ட் ஐ' பார்த்த அடுத்த வாரமே போட்டேன், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள், 'அக்கா, அந்தப் படத்துல எல்லாருக்கும் அவங்க தைக்கிற உடுப்பு முழுசாத் தெரியும்ல? இந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?' தெரியாது என்றேன். ஒருத்தி ஜிப், ஒருத்தி பாக்கெட், ஒருத்தி பிசிறு. நான் சாம்பிள் செக்‌ஷனுக்குப் போன அன்றைக்குத்தான் ஒரு சட்டையை முதல் தையலிலிருந்து கடைசித் தையல்வரை என் கையால் முடித்தேன். அதற்கு எனக்குப் பதினோரு வருடம் ஆனது.

கடைசியில் ஜாஸ்மின் ஒரு கடிதம் எழுதுகிறாள். தான் பிசிறு வெட்டிய ஜீன்ஸை எங்கோ யாரோ போடப் போகிறார்கள் அல்லவா, அவர்களுக்கு. மடித்து ஒரு ஜீன்ஸின் பாக்கெட்டுக்குள் வைத்துவிடுகிறாள்.

செக்கிங்கில் இருந்த வருடங்களில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டிலும் கை விட்டுப் பார்க்க வேண்டும். நூல் துண்டு, உடைந்த ஊசி முனை, பண்டில் டிக்கெட், எது இருந்தாலும் எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும். நான் ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளில் கை விட்டிருக்கிறேன். படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில், ஜாஸ்மினுக்கு அடுத்த மேசையில் இருந்தவள் அந்த ஒரு பாக்கெட்டில் மட்டும் கை விடாமல் இருந்திருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொள்கிறேன்.